பர்மியரின் அன்றாட வாழ்வு: சில நேர்காட்சிகள்

அண்டை நாடு என்றதும் தமிழ்நாட்டார் பலருக்கு இலங்கையே முதலில் நினைவுக்கு வரும். இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீண்டு கிடக்கும் நம் வடசென்னைக்கோ பர்மாவும் ஓர் அண்டை வீடு. கடற்கரை இரயில் நிலையத்தின் எதிரே 1969-இல் தோன்றிய பர்மா பஜார், வியாசர்பாடியின் பக்தவத்சலம் காலனி, எர்ணாவூரின் பர்மா நகர், மாலைவேளையில் தெருமுனைதோறும் நிற்கும் அத்தோ வண்டி ஆகியவற்றைப் பார்க்காமல் நம் மாணவர் எவரும் கல்லூரிக்கு வந்து சேர முடியாது. ஆயினும் அத்தோவைச் சுவைத்தவரெல்லாம் பர்மியரை அறிந்தவர் ஆகிவிடமாட்டார். “அங்கே காலையிலும் மாலையிலும் அத்தோதான் சாப்பிடுவார்களா?” என்று சென்ற ஆண்டு ஒரு மாணவி என்னைக் கேட்டார். நல்ல கேள்வி. இக்கட்டுரைக்கு வித்திட்டதும் அதுவே.

இதை எழுத எனக்குள்ள தகுதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் தந்தையார் 1965-இல், ஒன்பது வயதுச் சிறுவனாக, இரங்கூனிலிருந்து கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியவர். அவருடைய மூத்த சகோதரி, என் அத்தை, அதற்கு முந்தைய ஆண்டில்தான் அங்கேயே திருமணம் செய்துகொண்டார். மாமாவுக்கு அந்நாட்டுக் குடியுரிமைத் தாள் இருந்தமையால் அவர்கள் தங்கிவிட்டனர். அந்த அத்தை வீட்டிற்கு 2012 முதல் 2020 ஜனவரி வரை ஏழு முறை சென்றிருக்கிறேன். சில முறை கல்கத்தா வழியாகவும் சில முறை பாங்காக் வழியாகவும் போய், ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று வாரங்கள் தங்கினேன். கூட்டிப் பார்த்தால் ஐந்து மாதங்களுக்குச் சற்றுக் குறைவாக வரும். நான் கண்டதெல்லாம் யாங்கோன் நகரமும் அதன் சுற்றுப்புறமுமே. ஷான், கச்சின், கரேன், சின் முதலிய மக்களின் வாழ்வு வேறு. அதைப்பற்றி எழுத எனக்கு உரிமையில்லை. நாட்டின் பெயர் 1989-இல் மியன்மார் என்றும், இரங்கூன் யாங்கோன் என்றும் மாற்றப்பட்டன. வீட்டுப் பழக்கத்தால் பர்மா என்றே எழுதிச் செல்கிறேன், அன்பர்கள் பொறுத்தருள்க.

வரலாற்றுப் பின்னணி

பர்மாவுடன் தமிழர் கொண்ட தொடர்பு நேற்று ஏற்பட்டதன்று. பகான் நகரில் கிடைத்த 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டொன்று, அங்கிருந்த நானாதேசி விண்ணகர் என்னும் திருமால் கோயிலுக்கு மகோதயர்பட்டினத்து வணிகர் ஒருவர் மண்டபமும் கதவும் விளக்கும் அளித்த செய்தியைத் தமிழில் கூறுகிறது. ஆனால் பெருந்தொகையாக மக்கள் சென்றது ஆங்கிலேயர் காலத்தில்தான். ஐராவதி ஆற்றின் கழிமுகச் சதுப்பை நெல்வயலாக மாற்றக் கடன் கொடுத்தவர் செட்டியார். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரும், அரிசி ஆலைகளில் வேலை பார்த்தவரும் தெலுங்கரும் தமிழரும். 1931-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி பர்மாவில் இந்தியர் பத்து இலட்சத்துக்கு மேல். இரங்கூன் நகர மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர்.

இதைப் பெருமையாக மட்டும் சொல்லிச் செல்வது நம்மவர் வழக்கம். மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல்விலை வீழ்ந்தது. கடனைத் திருப்ப இயலாத உழவரின் நிலங்கள் ஈட்டுக்குப் போயின. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு பங்கு நிலம் செட்டியார் கையில் இருந்தது. 1937-38-இல் அது நூற்றுக்கு இருபத்தைந்து ஆயிற்று. வட்டிக்கடைக்காரருக்கே அந்த நிலம் வேண்டியிருக்கவில்லை என்பது உண்மை. அவருக்கு வேண்டியது ரொக்கம். ஆனால் நிலத்தை இழந்தவனுக்கு அந்த நுணுக்கத்தால் என்ன பயன்? 1930 மே மாதத்தில் இரங்கூன் துறைமுகத்தில் இந்தியத் தொழிலாளர்க்கும் பர்மியத் தொழிலாளர்க்கும் இடையே மூண்ட கலவரத்தை, துறைமுகத்தை நம்பி வாழும் நம் பகுதி மாணவர்கள் தனியே படித்துப் பார்க்க வேண்டும். வேலைநிறுத்தம் செய்தவரின் இடத்தில் வேற்றினத்தவரை அமர்த்தி, பின்னர்ச் சமரசம் ஆனதும் அவர்களைக் கைவிட்டதிலிருந்து அது தொடங்கியது.

1942-இல் ஜப்பானியர் வந்தபோது இந்தியர் இலட்சக்கணக்கில் காடு மலை கடந்து நடந்தே ஓடிவந்தனர். பல்லாயிரவர் வழியில் மாண்டனர். 1962-இல் தளபதி நெ வின் ஆட்சியைக் கைப்பற்றினார். கடைகளும் வங்கிகளும் அரசுடைமையாயின. 1964-இல் 50, 100 கியாத் தாள்கள் செல்லாதென அறிவிக்கப்பட்டன. அதன்பின் வெளியேறிய இந்தியர் சுமார் மூன்று இலட்சம் எனக் கணக்கிடுவர். அவர்களுள் இலட்சத்துக்கு மேற்பட்டோர் தமிழ்நாட்டை அடைந்தனர். இங்கே வந்து நிலைகொள்ள முடியாமல் மீண்டும் பர்மாவுக்கே நடந்து செல்ல முயன்று, மணிப்பூரின் எல்லையூரான மோரேயில் தங்கிவிட்ட தமிழரும் உளர். இவ்வளவு போதும். மன்னர்களும் தளபதிகளும் பாடநூலில் இருக்கிறார்கள். நான் காட்ட விரும்புவது தெருவையும் அடுக்களையையும்.

தேநீர்க்கடை

பர்மியரின் பொதுவாழ்வு நடைபெறும் இடம் தேநீர்க்கடை. நம் ஊர் டீக்கடையில் நின்றுகொண்டே குடித்துவிட்டுப் போவோம். அங்கே அமர வேண்டும். பந்தலின் கீழோ நடைபாதையிலோ முழங்கால் உயரங்கூட இல்லாத சிறு முக்காலிகள். அவற்றுக்கு ஏற்ற குள்ளமான மேசை. உட்கார்ந்தவுடன் ஒரு குடுவையில் வெறும் பச்சைத்தேநீர் வந்துவிடும். அதற்குக் காசில்லை. எத்தனை மணி நேரம் அமர்ந்திருந்தாலும் யாரும் எழுப்பமாட்டார்கள். காசு கொடுத்துக் குடிப்பது, கட்டிப்பால் சேர்த்த செந்நிறத் தேநீர். அதைக் கேட்பதில் ஓர் இலக்கணமே உண்டு. இனிப்பு எவ்வளவு, பால் எவ்வளவு, கடுப்பு எவ்வளவு என்பதற்கெல்லாம் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. “ஒரு டீ” என்று சொன்னால் பரிமாறும் பையன் விழிப்பான். எனக்கு அவ்விலக்கணம் பழக மூன்று பயணங்கள் ஆயின.

பரிமாறுபவரை அழைக்க உதட்டைக் குவித்து முத்தமிடுவதுபோல் ஒலி எழுப்புவர். முதல் நாள் அதைக் கேட்டு நான் திகைத்தது உண்மை. நம் ஊரில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அவ்வொலி எழுந்தால் அடுத்து எழும் ஒலி செருப்பொலியாகத்தான் இருக்கும். அங்கே முதியவரும் பெண்களும் அதைச் செய்கின்றனர். கைதட்டி அழைப்பதைவிட அது மென்மையானதாம். ஓடிவரும் பையன்கள் பத்துப் பன்னிரண்டு வயதினர்; பெரும்பாலும் கழிமுகத்துக் கிராமங்களிலிருந்தோ, மழை குறைந்த நடுநாட்டிலிருந்தோ வந்தவர்கள். பள்ளியில் இருக்க வேண்டிய பிள்ளைகள். தேநீர்க்கடையின் அழகைப் பாடும் பயணக் கட்டுரைகளில் இவர்களைப்பற்றி ஒரு வரி வருவதும் அரிது.

தட்டில் வருவனவற்றைப் பார்த்தால் நமக்குச் சிரிப்பு வரும். சமோசா ‘சமூசா’ ஆகியிருக்கிறது. பூரி பூரியாகவே இருக்கிறது. பரோட்டா ‘பலாத்தா’. நம் தோசையோ ‘தோஷே’. இந்தச் சொல்லை அவர்கள் எழுதும் முறை வியப்பூட்டுவது: பர்மிய மொழியில் ‘தோ’ என்றால் குட்டை, ‘ஷே’ என்றால் நெடுமை. குட்டைநெட்டை என்று ஒரு பலகாரம்! வேற்றுச் சொல் வந்து சேரும்போது மக்கள் தம் மொழியின் சொற்களாலேயே அதற்குச் சட்டை தைத்துவிடுகிறார்கள் என்பதற்கு மொழியியல் வகுப்பில் காட்டத்தக்க சான்று இது.

இனி அத்தோவுக்கு வருவோம். பர்மிய மொழியில் அச்சொல் ஒரு பண்டத்தின் பெயரன்று. ‘கையால் பிசைந்து கலந்தது’ என்பதே அதன் பொருள். தேயிலையை ஊறவைத்துக் கலந்தால் அது ஒரு பிசையல், இஞ்சியில் ஒன்று, தக்காளியில் ஒன்று, சமோசாவை உடைத்துப் போட்டால் அதுவும் ஒன்று. ஆகவே யாங்கோனில் போய் “அத்தோ கொடுங்கள்” என்றால், “எதில்?” என்ற கேள்விதான் பதிலாக வரும். நம் தெருவில் கிடைப்பது நூடுல்ஸ் பிசையலின் வழித்தோன்றல். அங்கே மீன்சாறும் வறுத்த கடலைமாவும் சேரும். இங்கே வரும்போது மீன்சாறு கழன்றுவிட்டது, முட்டைக்கோசும் புளியும் மிளகாயும் கூடிவிட்டன. ‘பேஜோ’ என்று நொறுக்கிப் போடுகிறார்களே, அது பருப்பைப் பொரித்த வடை என்று பொருள்படும் பர்மியச் சொல். உடன் தரும் வாழைத்தண்டுச் சாறு, மொஹிங்கா என்னும் அவர்கள் காலை உணவின் மீனில்லாத தம்பி என்றே எனக்குத் தோன்றுகிறது. மொஹிங்கா கெளுத்திமீனைக் கரைத்து வாழைத்தண்டும் எலுமிச்சைப்புல்லும் இட்டுக் கொதிக்கவைத்த குழம்பை அரிசிச் சேவைமேல் ஊற்றித் தருவது. அதை அவர்கள் விடியற்காலையில் உண்பர். மாலைப் பண்டமானது நம் ஊருக்கு வந்த பிறகுதான். பகலெல்லாம் கூலிவேலைக்குப் போய்விட்டு அந்தியில் கடைபோட்ட ஏழைக் குடும்பங்கள், காலை உணவை மாலைக்கு மாற்றிவிட்டன என்று என் தந்தையார் கூறுவார்.

‘நப்பி’ என்னும் மீன்விழுதின் நாற்றத்தைப்பற்றி ஆங்கிலேயர் எழுதிவைத்த ஏளனங்கள் பல. காசிமேட்டுக் கருவாட்டுக் காற்றில் வளர்ந்த எனக்கு அது ஒரு குறையாகவே படவில்லை.

பெயரும் முறைப்பெயரும்

பர்மியர்க்குக் குடும்பப்பெயர் இல்லை. நம்மைப்போல் தந்தை பெயரின் முதலெழுத்தும் இல்லை. தந்தையின் பெயரும் மகனின் பெயரும் ஓரெழுத்துக்கூட ஒத்திராமல் இருக்கலாம். பெயர், பிறந்த கிழமையைப் பொறுத்து அமைகிறது. திங்களன்று பிறந்தால் ககர இன எழுத்துகள், வியாழனென்றால் பகர மகர எழுத்துகள், ஞாயிறென்றால் உயிரெழுத்து என ஒரு வாய்பாடே உண்டு. ஐக்கிய நாடுகள் அவையின் பொதுச்செயலாளராக 1961 முதல் 1971 வரை விளங்கிய ஊ தாண்ட் பிறந்தது 1909 ஜனவரி 22, வெள்ளிக்கிழமை. வெள்ளிக்குரிய எழுத்திலேயே அவர் பெயர் தொடங்குகிறது. அவருடைய பெயர் ‘தாண்ட்’ என்ற ஒரு சொல் மட்டுமே. ‘ஊ’ என்பது மாமா, பெரியவர் என்னும் பொருளுடைய மரியாதை அடை. அதை அவருடைய தலைப்பெழுத்து என்று நம் ஊரில் கருதியவர் உண்டு.

பெண்களுக்கு ‘டோ’, அஃதாவது அத்தை போன்றது. இளைஞனுக்கு ‘கோ’, அண்ணன். இளம்பெண்ணுக்கு ‘மா’, அக்காள். முன்பின் அறியாதவரையும் உறவுமுறை வைத்தே அழைக்கும் இவ்வழக்கத்தில் அவர்களும் நாமும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். பேருந்து நடத்துநர் என்னை ‘அக்கா’ என்று அவர் மொழியில் அழைத்தபோது அது எனக்குப் புதிதாகவே தோன்றவில்லை. புதிதாகத் தோன்றியது வேறொன்று. பர்மியப் பெண் திருமணத்திற்குப் பின் பெயரை மாற்றிக்கொள்வதில்லை. மாற்றிக்கொள்ள இடமே இல்லை. கணவனிடமும் தருவதற்குக் குடும்பப்பெயர் இல்லையே! கடைவீதியில் கல்லாவில் அமர்ந்திருப்பவர் பெரும்பாலும் பெண்கள். இதை வைத்து அங்கே பெண்ணுக்கு முழு உரிமை உண்டென்று எழுதிவிட எனக்கும் ஆசைதான். ஆனால் சில புத்தர் கோயில்களின் மேல்தளத்தில் பெண்கள் ஏறக்கூடாது. மாண்டலேயின் மகாமுனி சிலைக்குப் பொன்தகடு ஒட்டும் உரிமை ஆண்களுக்கு மட்டும். ஆணிடம் ‘போன்’ என்னும் ஒரு மேன்மை உறைகிறது, அது குறையாமல் பெண் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நம்புகிறார்கள். இதைப் பின்னர் இன்னொரு செய்தியோடு சேர்த்துச் சொல்கிறேன்.

சந்திக்கும்போது “மிங்கலாபா” என்று சொல்லுமாறு பயணிகளுக்குக் கற்றுத்தருவார்கள். அது ஆங்கிலேயர் காலத்துப் பள்ளிக்கூடங்களில் ஆசிரியருக்குச் சொல்ல உருவாக்கிய வாழ்த்து. அண்டை வீட்டார் ஒருவரையொருவர் அவ்வாறு வாழ்த்தி நான் கேட்டதில்லை. “தமின் ஸா பீபீலா” என்பார்கள். “சோறு சாப்பிட்டாயிற்றா?” என்பதே பொருள். இதற்கு விளக்கம் தேவையா?

அனாடே

பர்மியரின் மனப்போக்கை ஒரே சொல்லில் பிடிக்க வேண்டுமானால் ‘அனாடே’ என்ற சொல்லைச் சொல்லலாம். இதற்கு நேரான தமிழ்ச்சொல்லைத் தேடி நான் தோற்றேன். கூச்சம் அன்று, வெட்கம் அன்று, நன்றியும் அன்று. நம்மால் மற்றவருக்குத் தொல்லை நேரக்கூடாதே, அவர் முகம் வாடக்கூடாதே என்ற தயக்கம் என்று விரித்துச் சொல்லலாம். “ஐயோ, உங்களுக்கு எதுக்கு சிரமம்” என்று நாம் சொல்கிறோமே, அந்தச் சொற்றொடருக்குப் பின்னால் இருக்கும் உணர்ச்சி அது. நம்மிடம் அது பெரும்பாலும் வாயளவில் நின்றுவிடும். அவர்களிடம் செயலாகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. அத்தை வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்த பர்மியப் பாட்டியம்மாளுக்கு நெஞ்சுவலி. நள்ளிரவு. எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினால் உடனே வண்டி பிடித்துப் போயிருக்கலாம். அவர் விடியும்வரை உட்கார்ந்தே இருந்திருக்கிறார். காலையில் அத்தை கடிந்துகொண்டபோது அவர் சொன்ன விடை, “அனாடேயாக இருந்தது” என்பதே. நல்லவேளையாக அவர் பிழைத்தார். அத்தை என்னிடம் சொன்னார்: “பாப்பா, இந்த ஜனங்க கேட்டு வாங்கமாட்டாங்க. நாமதான் பார்த்துக் கொடுக்கணும்.”

மாணவரிடத்தும் இதைக் காணலாம். ஆசிரியர் தவறாகச் சொன்னாலும் வகுப்பில் எழுந்து மறுக்கமாட்டார். ஆசிரியருக்கு முகவாட்டம் ஏற்படுமே என்பது காரணம். விரிவுரையாளர் என்ற முறையில் எனக்கு இவ்வழக்கத்தின்மேல் ஒரு பக்கம் ஆசையும் மறு பக்கம் அச்சமும் உண்டு. எவரும் மறுக்காத வகுப்பில் ஆசிரியர் விரைவில் மூடராகிவிடுவார். ஆட்சியாளரைப்பற்றியும் இதையே சொல்லலாம் என நினைத்திருந்தேன். 1988-ஆம் ஆண்டும் 2021-ஆம் ஆண்டும் அந்நினைப்பைத் திருத்திவிட்டன. அனாடே உடையவர்கள் அஞ்சியவர்கள் அல்லர்.

பொருளைக் கொடுக்கும்போது வலக்கையால் கொடுத்து, இடக்கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொள்வது. சோறு உண்ணுமுன் முதல் கவளத்தை வீட்டு மூத்தவர் தட்டில் வைப்பது, அவர் ஊரில் இல்லாவிட்டாலும் ஒரு பிடியை அவர் பெயரால் ஒதுக்கிவைப்பது. தெருவோரத்தில் வழிப்போக்கர்க்காக மூடியிட்ட மண்பானையில் தண்ணீர் வைப்பது ஆகியவையும் இதே மனத்திலிருந்து வருபவை. நம் தண்ணீர்ப்பந்தல் கோடையில் மட்டும், அதுவும் கட்சிக்கொடியோடு. அவர்களுடையது ஆண்டு முழுவதும், பெயரில்லாமல்.

உடையும் ஒரு கொடிக்கயிறும்

ஆணும் பெண்ணும் இடுப்பில் சுற்றும் ‘லோன்ஜி’ நம் கைலியின் உடன்பிறப்பு. ஆண் முன்பக்கம் முடிச்சிடுவான். பெண் ஒருபக்கமாக மடித்துச் செருகுவாள். பெண்ணின் உடைக்குத் ‘தமெய்ன்’ என்று பெயர். முகத்தில் தனாக்கா மரப்பட்டையைக் கல்லில் இழைத்துப் பூசுவார்கள். நாம் சந்தனம் இழைப்பது போலவே. மே மாத வெயிலில் அதன் குளிர்ச்சியை அனுபவித்தவர் கடைப் பூச்சுகளை நாடமாட்டார்.

அத்தை வீட்டில் நான் வாங்கிய முதல் அறிவுரை துணி உலர்த்துவது பற்றியது. தமெய்னை வீட்டு முன்புறக் கொடியில், ஆள் நடக்கும் வழிக்கு மேலே உலர்த்தக்கூடாது. அதன்கீழ் நடந்தால் ஆணின் ‘போன்’ அழிந்துவிடும். கொல்லைப்புறத்தில், தாழ்ந்த கயிற்றில்தான் போட வேண்டும். எனக்கு எரிச்சலாகவே இருந்தது.

2021 பிப்ரவரி 1-இல் இராணுவம் மீண்டும் ஆட்சியைக் கைப்பற்றியது. அடுத்த மாதம் யாங்கோன் பெண்கள் தெருக்களின் குறுக்கே உயரத்தில் கயிறு கட்டி, வரிசையாகத் தம் தமெய்ன்களைத் தொங்கவிட்டார்கள். துப்பாக்கியோடு வந்த வீரர்கள் அதன்கீழ் நடக்கத் தயங்கி, கயிற்றை அறுத்து இறக்க நின்றனர். அந்தச் சில நிமிடங்களில் தெருவிலிருந்தோர் ஓடித் தப்ப முடிந்தது. பெண்ணைத் தாழ்த்திய அதே நம்பிக்கையை எடுத்துப் பெண்களே வேலியாக்கினார்கள். மாலை எட்டு மணிக்கு வீடுதோறும் சட்டிபானைகளைத் தட்டி ஒலி எழுப்பியதும் இவ்வகையினதே. தீய ஆவியை வீட்டைவிட்டு ஓட்டப் பண்டுதொட்டுச் செய்யும் சடங்கு அது. எழுபத்தைந்தைக் கடந்த என் அத்தையும் பித்தளைத் தாம்பாளத்தைத் தட்டினாராம். தொலைபேசியில் அவ்வொலியை எனக்குக் கேட்கவைத்தார்.

பணம், பண்டிகை

பர்மியர் தாள்பணத்தை நம்புவதில்லை. நம்பாததற்குக் காரணம் உண்டு. 1964-ஐ முன்னமே சொன்னேன். 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாத் தாள்கள் ஈடு எதுவுமின்றிச் செல்லாதவையாயின. அவ்வாண்டில் 45, 90 என்று ஒன்பதால் வகுபடும் தாள்கள் புழக்கத்துக்கு வந்தன. மிச்சமுள்ளோர் சேமிப்பைப் பொன்னாக்கினார்கள். ‘கியாத்தா’ என்பது அவர்களுடைய பொன்னளவு, ஏறத்தாழ 16.3 கிராம், நம் இரண்டு சவரனுக்குச் சற்று மேல். வெளிநாட்டு நாணயத்தாளில் ஒரு மடிப்பு இருந்தாலும் வாங்க மறுப்பார்கள். ஒவ்வொரு பயணத்திலும் நான் தாள்களைப் புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டுபோவேன்.

ஏப்ரல் நடுவில் அவர்களுக்குப் புத்தாண்டு. ‘திஞ்ஜான்’ என்ற அப்பெயர் சங்கிராந்தி என்ற வடசொல்லின் திரிபு. கதிரவன் மேட இராசியில் புகுவதே நம் சித்திரைக்கும் அவர்கள் திஞ்ஜானுக்கும் கணக்கு. தெருவெல்லாம் தண்ணீர் வீச்சு. வெல்லத்தை உள்ளே வைத்த அரிசிமாவு உருண்டைகளைக் கொதிநீரில் மிதக்கவிட்டு எடுப்பார்கள், கொழுக்கட்டையேதான். ஒன்றிரண்டில் வெல்லத்துக்குப் பதில் மிளகாய் வைத்துவிடுவது விளையாட்டு. எனக்கு இரண்டு முறை அது வாய்த்தது.

போக்குவரத்தைப்பற்றி ஒரு சொல். 1970-இல் அந்நாட்டில் சாலையின் இடப்பக்கம் சென்ற வண்டிகளை வலப்பக்கத்துக்கு மாற்றினர். ஆனால் வண்டிகள் பெரும்பாலும் ஜப்பானிலிருந்து வந்த பழையவை. ஓட்டுநர் அமர்வதும் வலப்பக்கமே. முந்திச் செல்ல எட்டிப்பார்ப்பவர் பக்கத்தில் அமர்ந்திருப்பவர்தான். நகரைச் சுற்றிவரும் வட்ட இரயில் சுமார் 46 கிலோமீட்டர் செல்கிறது. மூன்று மணி நேரம் ஆகும். கீரைக்கட்டும் கோழியும் ஏறும். கும்மிடிப்பூண்டி வண்டியில் போய்வருபவருக்கு அது பழகிய உலகம்.

‘கலா’ என்னும் சொல்

நாற்காலிக்குப் பர்மிய மொழியில் ‘கலாத்தாய்ங்’ என்று பெயர். கொண்டைக்கடலை ‘கலாபே’. முன்னதற்குக் ‘கலா உட்காருவது’ என்றும், பின்னதற்குக் ‘கலாவின் பருப்பு’ என்றும் பொருள். கலா என்பவர் மேற்கேயிருந்து வந்தவர்; இந்தியர். தரையில் அமர்ந்த மக்கள், வந்தவர் அமர்ந்த பொருளை அவர் பெயராலேயே சுட்டினர். அச்சொல்லின் மூலத்தைப்பற்றிப் பல கருத்துகள் உண்டு. பெயர்வைத்த காலத்தில் அதில் இழிவு இருந்ததா என்பது ஆராயத்தக்கது. இன்று இருக்கிறது. சண்டையில், நெரிசலில், வகுப்பறைக் கேலியில் அது கல்லாக வந்து விழும். ‘என்னைக் கலா என்று அழைக்காதே’ என்று 2020-இல் அந்நாட்டு இளைஞர் சிலர் சமூக ஊடகங்களில் ஓர் இயக்கமே நடத்தினர்.

என் அத்தையின் பேரனுக்கு இரண்டு பெயர்கள். பள்ளியில் பர்மியப் பெயர். வீட்டில் எங்கள் குலதெய்வத்தின் பெயர். 1960-களில் தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டபின் தமிழ்ப்பள்ளிகள் மறைந்தன. அவன் தமிழ் பேசுவான். எழுதப் படிக்கக் கோயிலில் வாரம் ஒருநாள் நடந்த வகுப்பில் கற்றது கொஞ்சம். பர்மிய மொழியில் கவிதை எழுதுவான். 1982-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மக்களை மூவகையாகப் பிரித்தது. 1823-க்கு முன்பிருந்தே அந்நிலத்தில் வாழ்ந்த இனத்தவர் முழுக் குடிகள். ஏனையோர் இணைக் குடிகள், இயல்பேற்ற குடிகள். அட்டைகளும் இளஞ்சிவப்பு, நீலம், பச்சை என மூன்று நிறம். மூன்றாம் தலைமுறையில் முழுக் குடியுரிமை கிடைக்கும் என்று சட்டம் சொல்கிறது. பதினெட்டு வயதில் அட்டை மாற்றப்போன அவனை, தாத்தாவின் தாள் எங்கே, அவருடைய தகப்பனார் தாள் எங்கே என்று ஒன்றரை ஆண்டுகள் அலையவைத்தார்கள். “எங்க கப்பல்ல ஏறிப்போனவங்களுக்குத் தாள் கேக்கல; இருந்தவங்களுக்குத்தான் கேக்கறான்” என்றார் அத்தை.

இங்கே வந்த என் தந்தையாரையோ, எர்ணாவூரில் பள்ளித்தோழர்கள் நெடுநாள் ‘பர்மாக்காரன்’ என்றே அழைத்தனர். அங்கே கலா, இங்கே பர்மாக்காரன். ஒரே வயிற்றில் பிறந்த இருவர்.

2024 பிப்ரவரியில் அந்நாட்டு இராணுவ ஆட்சி கட்டாயப் படைச்சேவைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 18 முதல் 35 வயது வரையுள்ள ஆண்கள் அழைக்கப்படலாம். பேரனுக்கு அப்போது இருபத்திரண்டு. அலைந்து பெற்ற அந்த அட்டையே அவனைப் பட்டியலில் சேர்க்கப் போதுமானதாயிற்று. ஆயிரக்கணக்கான இளைஞரைப்போல அவனும் தாய்லாந்துக்குப் போய்விட்டான். அங்கே ஒரு மீன்பதனக் கூடத்தில் வேலை. வேலைத்தாளில் குடும்பப்பெயருக்கென்று ஒரு கட்டம் இருந்ததாம். பர்மியப் பெயரில் அதற்கு விடையில்லை. தாத்தாவின் தமிழ்ப்பெயரை அதில் எழுதினானாம்.

யாங்கோனில் இப்போது மின்சாரம் நாளில் சில மணி நேரமே வருகிறது. அது வரும் வேளை பார்த்து அத்தை எனக்குத் தொலைபேசுவார். 2025 மார்ச் 28-இல் மாண்டலே, சகாயிங் பகுதிகளை நிலநடுக்கம் அழித்த அன்று அவர் குரலைக் கேட்க எனக்கு ஆறு மணி நேரம் ஆயிற்று. யாங்கோனுக்குப் பெருஞ்சேதம் இல்லை. சென்ற மாதம் பேசுகையில் எதிர்ச்சாரித் தேநீர்க்கடையைப்பற்றிச் சொன்னார். பரிமாறிய பையன்களில் மூத்தவர்கள் எல்லாரும் தாய்லாந்துப் பக்கம் போய்விட்டார்களாம்; சிறுவர்களைப் பெற்றோர் வந்து ஊருக்கு அழைத்துச் சென்றுவிட்டார்களாம். அறுபது வயதைக் கடந்த கடைக்காரரே இப்போது குடுவையைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாக வருகிறார். அவரை உதடு குவித்து அழைக்க எவருக்கும் மனம் வரவில்லை, அனாடேயாக இருக்கிறதாம். அவர் தாமாகத் திரும்பிப் பார்க்கும்வரை எல்லாரும் காத்திருக்கிறார்கள்.